சுண்ணாம்புக் குழிக்கு வரும் குப்பை

பெரம்பலூர் வட்டாரத்தில், குரும்பலூர்ப் பக்கத்தில் "குப்பை அடிச்சாச்சா?" என்று ஒரு விவசாயி இன்னொருவரைக் கேட்டால், அவர் வீடு கூட்டியதைப் பற்றிக் கேட்கவில்லை. சாணம், தீவனக் கழிவு, அடுப்புச் சாம்பல் எல்லாம் குழியில் கிடந்து மக்கியபின், உழவுக்கு முன்னால் வண்டியில் ஏற்றிக் காட்டில் கொட்டி இறைத்தாயிற்றா என்பதுதான் கேள்வி. அந்த வழக்கில் குப்பை என்பது எரு. குப்பைமேட்டில் தானாக முளைத்தது குப்பைக்கீரை. சொறிசிரங்குக்கு அரைத்துப் பூசியது குப்பைமேனி. குழி ஊருக்குள் இருந்தது, அதன் பயனும் ஊர் எல்லைக்குள்ளேயே விளைந்தது.

பின்னால் நகராட்சிகள் தாங்கள் குப்பை கொட்டும் இடத்துக்கு 'உரக்கிடங்கு' என்று பெயர் வைத்தன. பல ஊர்களில் அந்தப் பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது. அதன் பின்னால் இருப்பதைக் கண்டு உரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சோறும் பால் பாக்கெட்டும், வாழைமட்டையும் டயபரும், கோழிக்கழிவும் உடைந்த குழல்விளக்கும் ஒன்றாகக் கலந்த மேடு அது. இந்த மேடு நிறைந்ததும் அதிகாரிகள் கேட்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நிலம், அல்லது தொலைவில் வேறொரு ஊர். அப்போதுதான் ஒரு சிறிய ஊர் சாலைக்கு வருகிறது.

அந்த ஊரைப் பார்த்து வழக்கமாக எழும் கேள்வி, "உங்கள் வீட்டில் குப்பையே சேருவதில்லையா?" என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நடந்த சில போராட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. குப்பையைப் பிரிக்கச் சட்டம் சொன்னபோது நகரங்கள் பெரும்பாலும் பிரிக்கவில்லை. கொட்ட இடமில்லாமல் போனபோது சில நகரங்கள் பிரித்தன. அந்த இடமில்லாமையை உண்டாக்கியவை சிறிய ஊர்கள்.

ஒரு பேரூராட்சியின் கதை

குரும்பலூரைப் போலவே வெள்ளலூரும் பேரூராட்சியாக அறியப்பட்ட ஊர். கோயம்புத்தூருக்குத் தென்கிழக்கே, நொய்யல் கரையோரம் இருக்கிறது. நாணயவியல் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அங்கே ரோமானிய வெள்ளிக்காசுகள் நூற்றுக்கணக்கில் புதையலாகக் கிடைத்தன. இன்று வெள்ளலூர் என்றதும் கோவைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது குப்பைக் கிடங்கு. ஏறத்தாழ 650 ஏக்கர் மாநகராட்சி நிலம். நாளொன்றுக்குச் சுமார் 1000 டன் குப்பை சேரும் நகரத்தின் கடைசி நிறுத்தம்.

2011இல் கோவை மாநகராட்சி 72 வார்டுகளில் இருந்து 100 வார்டுகளாக விரிந்தது. அதுவரை தங்கள் எல்லைக்குள் எதையோ செய்து சமாளித்துக்கொண்டிருந்த சுற்றுப்புற நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஓர் ஊராட்சியும் ஒரே ஓட்டத்தில் மாநகராயின. நகரம் விரிந்தது ஒரு திசையில் மட்டுமல்ல. குப்பை லாரி போன திசை மட்டும் மாறவில்லை. கிடங்குக்கு வேலி நகர்த்தாமலேயே ஒரு விரிவாக்கம் நடந்துவிட்டது. நிலத்தின் பரப்பு கூடுவதை மட்டுமே விரிவாக்கமாகக் கணக்கிட்டால் இந்த வகை விரிவாக்கம் கண்ணில் படாது.

வெள்ளலூர், கோணவாய்க்கால்பாளையம், போத்தனூர், குறிச்சிப் பகுதி மக்களின் புகார்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே மாதிரி இருந்தன: ஈ, நாற்றம், கிணற்றுநீரின் நிறம், கோடையில் தீ. சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்துச் சாப்பிடும் வீடுகளைப் பற்றிய செய்திகள் வந்தன. வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போனது. பழைய மேட்டைத் தோண்டிப் பிரிக்கும் வேலை தொடங்கியது. இருந்தும் 2024 ஏப்ரலில் பற்றிய தீ பல நாள் அணையவில்லை.

இதில் ஒரு அரசியல் முடிச்சு இருக்கிறது. மாநகராட்சி மன்றம் எத்தனை டன்னை எங்கே அனுப்புவது என்று முடிவெடுத்த காலத்தில், வெள்ளலூர் பேரூராட்சி வாக்காளருக்கு அந்த மன்றத்தில் வாக்கு இல்லை. நாற்றம் எல்லைக்கோட்டைத் தாண்டி வந்தது. வாக்கு தாண்டிப் போகவில்லை. வாக்கு இல்லாத இடத்தில் மிஞ்சுவது மனு, வழக்கு, மறியல்.

கல் போன தண்டவாளத்தில் குப்பை

அரியலூர், பெரம்பலூர்க்காரர்கள் கவனித்துப் படிக்கவேண்டிய கதை இலங்கையின் புத்தளத்தில் இருக்கிறது. இரண்டு வட்டாரமும் தமிழ் பேசுபவை. இரண்டிலும் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, சிமென்ட் ஆலை இருக்கிறது, கல்லெடுத்த பெருங்குழிகள் இருக்கின்றன.

கொழும்பு நகரம் தன் குப்பையை நெடுங்காலம் புளூமெண்டல் மேட்டில் கொட்டியது. 2009இல் உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின் அது மூடப்பட்டது. அடுத்த இடம் மீதொட்டமுல்ல. தற்காலிகம் என்று தொடங்கிய அந்த மேடு பல மாடிக் கட்டட உயரத்துக்கு வளர்ந்தது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், மேடு சரிந்து அடியில் இருந்த வீடுகளின்மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசு அவசரமாக வேறு இடம் பார்த்தது. அருவக்காடு தயாராக இருந்தது.

அருவக்காடு புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்து சரணாலயத்துக்கும் புத்தளம் களப்புக்கும் அருகில் இருக்கிறது. பாலாவியில் உள்ள சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அங்கிருந்துதான் போனது. கல்லை ஏற்றிச் செல்லத் தண்டவாளமும் உண்டு. கொழும்புப் புறநகரில் குப்பையைப் பெட்டிகளில் அழுத்தி அடைத்து, ஏறத்தாழ 170 கிலோமீட்டர் ரயிலில் கொண்டுவந்து, கல்லெடுத்த குழிப் பகுதியில் நவீன முறையில் புதைப்பது என்பது திட்டம். திட்டம் வரைந்தவரின் மேசையிலிருந்து பார்த்தால் எல்லாம் பொருந்தியது. குழி இருந்தது, தண்டவாளம் இருந்தது. வரைபடத்தில் வீடுகள் குறைவாகத் தெரிந்தன.

புத்தளத்துக்காரர்களுக்கு வேறொரு வரைபடம் இருந்தது. அதில் சிமென்ட் தூசி முதலில் வந்தது. பிறகு நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம். முதல் அலகு 2011இல் ஓடத் தொடங்கி, 2014க்குள் மொத்தம் 900 மெகாவாட் ஆயிற்று. அதற்கும் முன்னால், 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளத்தில்தான் வந்து ஒதுங்கினர். அவர்களை முகாம்களிலும் வீடுகளிலும் தாங்கியது அந்த வட்டாரம். நாட்டுக்கு வேண்டியதையெல்லாம் ஏற்ற ஊரிடம், தலைநகரம் தான் தின்று எறிந்ததையும் ஏற்றுக்கொள்ளச் சொன்னது.

2018இன் பிற்பகுதியில் புத்தளம் நகரின் கொழும்பு முகத்திடலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. மாதக்கணக்கில் நீடித்தது. மீனவர்கள், உப்பளத் தொழிலாளர்கள், மாணவர்கள், பெண்கள் என்று எல்லாத் தரப்பும் வந்தன. முஸ்லிம், சிங்களவர், தமிழர் மூவரும் ஒரே பந்தலில் உட்கார்ந்தனர். கறுப்புக்கொடி ஏறியது, கடையடைப்பு நடந்தது, 2019இல் ஊர்வலம் கொழும்புக்கே போனது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கொழும்புக் குப்பை அருவக்காட்டுக்குப் போகத் தொடங்கியது.

போராட்டம் தோற்றது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் புத்தளம் எழுப்பிய ஒரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை: கொழும்பு தன் ஈரக் குப்பையைத் தன் எல்லைக்குள்ளேயே மக்க வைத்திருந்தால் 170 கிலோமீட்டருக்குத் தூக்கி வர என்ன மிஞ்சியிருக்கும்?

புதைகுழிக்குள் நடப்பது

அந்தக் கேள்வி வெறும் வாய்ச்சண்டை இல்லை என்பதற்கு வேதியியல் காரணம் உண்டு. நம் வீட்டுக் குப்பையின் எடையில் ஏறத்தாழ பாதி மக்கக்கூடியது. காற்றுப் படும்படி வைத்தால் சில வாரங்களில் உரமாகும். மேட்டுக்குள் அமுக்கிக் காற்றை அடைத்தால் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையில் இறங்கும். முதலில் அமிலங்கள் உண்டாகும், பிறகு மீத்தேன். குப்பையின் சொந்த ஈரமும் மழைநீரும் அந்த அமிலங்களைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். வழியில் பேட்டரி, சாயம், மருந்து என்று எது கிடந்தாலும் அதிலிருந்து உலோகங்களையும் சேர்த்துக்கொள்ளும். கறுத்த தேநீர் டிக்காஷன் போல மேட்டின் அடியில் கசியும் இந்த நீர்தான் கிணற்றைக் கெடுக்கிறது. மேலே வரும் மீத்தேன் தீக்கு உணவாகிறது. நாற்றம் அழுகலில் எழுவது, ஈயும் நாயும் அதைத் தேடி வருபவை. புகார்ப் பட்டியலில் இருக்கும் ஏறத்தாழ ஒவ்வொன்றும் ஈரக் குப்பை உலர்குப்பையோடு கலந்ததால் வந்தது.

சுண்ணாம்புக்கல் நிலத்தில் இன்னொரு கவலையும் சேர்கிறது. அந்தக் கல் அமிலத்தில் கரையும். நீர் கரைத்த வெடிப்புகள் வழியே நிலத்தடி நீர் மணலில் ஊறுவதுபோல் மெதுவாகப் போகாமல் ஓடை போல ஓடவும் கூடும். கல்லெடுத்த குழி காலியாகத் தெரிவது மேலிருந்து பார்ப்பவருக்குத்தான். கீழே அது ஊர்க் கிணறுகளோடு தொடர்புள்ள நிலம்.

இதையெல்லாம் சட்டம் அறியாமல் இல்லை. குப்பை மேலாண்மை கேட்டு 1996இல் அல்மித்ரா பட்டேல் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக 2000இல் நகராட்சிக் குப்பை விதிகள் வந்தன. 2016இல் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அவற்றைப் புதுப்பித்தன. ஈரக் குப்பை, உலர்குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்றது 2016 விதி. புதைகுழிக்கு மக்காதது, மறுபடி பயன்படாதது, எரிபொருளாகாதது மட்டுமே போகலாம் என்றும் சொன்னது. குழி ஆற்றிலிருந்து 100 மீட்டரும், குளம், குடியிருப்பு, நெடுஞ்சாலை, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டியிருந்தது. அடியில் 90 சென்டிமீட்டர் களிமண்ணும் அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் தடிமனில் பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டியிருந்தது. 5 லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊர்கள் சேர்ந்து வட்டாரப் புதைகுழி அமைக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருந்தது. ஆகவே வட்டாரப் புதைகுழி குரும்பலூர் போன்ற பேரூராட்சிக்குத் தொலைவான விஷயமில்லை. அனுப்பும் ஊராகவோ ஏற்கும் ஊராகவோ அது அந்தக் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது.

விதியை அப்படியே கடைப்பிடித்தால் புதைகுழிக்குப் போவது சாக்கடை மண்ணும் வேறு எதற்கும் ஆகாத மிச்சமுமே. அவை பெரும்பாலும் நாறுவதில்லை, குழி நிறையப் பல்லாண்டு ஆகும். சொன்ன காலத்துக்கு முன்பே குழி நிறைந்து விரிவாக்கம் கேட்கப்படுகிறது என்றால், பிரித்தல் நடக்கவில்லை என்று உள்ளாட்சியே எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறது என்றுதான் பொருள். விரிவாக்க விண்ணப்பத்தை ஊர் மக்கள் முதலில் அப்படித்தான் படிக்க வேண்டும்.

பூட்டு சொல்லிக்கொடுத்தது

திருவனந்தபுரம் நகரம் 2000இல் விளப்பில்சாலை என்ற கிராமத்தில் உரத் தொழிற்சாலை திறந்தது. பிரிக்காத குப்பை வந்து குவிய, தொழிற்சாலை மேடானது. அதன் கசிவு மீனம்பள்ளி ஓடை வழியாகக் கரமனை ஆற்றைச் சேர்ந்தது. நகரமே குடிக்கும் ஆறு அது. 2011 டிசம்பர் 21 அன்று விளப்பில் பஞ்சாயத்து ஆலையின் வாயிலைப் பூட்டியது. நீதிமன்ற உத்தரவோடும் போலீஸோடும் 2012 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே போக முயன்றபோது ஊர் முழுதும் சாலையை மறித்தது. அக்டோபரில் பஞ்சாயத்துத் தலைவர் சோபனகுமாரி உண்ணாவிரதம் இருந்தார். ஆலை மறுபடி திறக்கவில்லை.

அடுத்த மாதங்களில் தலைநகரத் தெருக்களில் குப்பை மலிந்தது. எரித்தார்கள், திருட்டுத்தனமாகக் கொட்டினார்கள். பிறகு வேறு வழியின்றி வீட்டில் குழாய் உரத்தொட்டி, சமையலறை எரிவாயுக் கலம், தெருமுனையில் காற்றோட்ட உரத்தொட்டி, உலர்குப்பை சேகரிக்கும் நாள்காட்டி என்று நகரம் பழகத் தொடங்கியது. குறைகள் உண்டு, ஆனாலும் மீண்டும் ஒரு விளப்பில்சாலையைத் தேடிப் போகமுடியவில்லை.

ஆலப்புழையின் குப்பை சர்வோதயபுரம் என்ற பக்கத்து ஊருக்குப் போனது. அவர்களும் மறித்தார்கள். 2012இல் சட்டமன்ற உறுப்பினர் தாமஸ் ஐசக்கின் முன்முயற்சியில் வார்டு வார்டாக உரத்தொட்டிகளும் எரிவாயுக் கலங்களும் வந்தன. 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு குப்பையை நன்றாகக் கையாளும் ஐந்து நகரங்களில் ஒன்றாக ஆலப்புழையைக் குறிப்பிட்டது. பாராட்டுப் பட்டியலில் சர்வோதயபுரத்தின் பெயர் இல்லை.

எல்லா மறியலும் இப்படி முடிவதில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த வாரன் கவுண்டியில் 1982இல் நச்சு மண்ணைப் புதைக்க லாரிகள் வந்தன. சாலையில் படுத்து மறித்த 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். மண் புதைக்கப்பட்டது. ஆனால் நச்சுக் கிடங்குகள் எந்த இன மக்களின் பக்கத்தில் அமைகின்றன என்று நாடு முழுதும் கணக்கெடுத்து 1987இல் அறிக்கை வெளியாக அதுவே தொடக்கம். அதே கணக்கை நாமும் எடுக்கலாம். நம் ஊர்களில் உரக்கிடங்குக்கு மிக அருகில் எந்தத் தெரு இருக்கிறது, கலந்த குப்பையைக் கையால் கிளறிப் பிரிப்பவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று எழுதினால், விடை சாதியின் வரைபடத்தோடு பொருந்திப்போவதைக் காண அதிக நேரம் பிடிக்காது.

நம் பக்கத்துச் சூளைகள்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரம் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. திருச்சி அரியமங்கலம், சென்னை பெருங்குடி போன்ற பழைய மேடுகளைத் தோண்டிச் சலிக்கும்போது மண், கல், இரும்பு, எரியக்கூடியது என்று பிரிகிறது. அந்த எரியக்கூடிய பிளாஸ்டிக்கும் துணியும் சிமென்ட் சூளைகளுக்குப் போகின்றன. அரியலூர், டால்மியாபுரம் பக்கத்துச் சூளைகளும் அதில் அடங்கும். குப்பை எரிபொருள் ஆலைக்கு 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் தொழிற்சாலைகள் தங்கள் எரிபொருளில் 5 விழுக்காட்டையாவது அதிலிருந்து எடுக்க வேண்டும் என்று சொன்னதும் 2016 விதிதான்.

சூளைக்குள் கல் 1450 டிகிரி செல்சியஸ் அளவில் வேகிறது. திறந்தவெளியில் புகைவதைவிட அங்கே எரிவது மேல் என்பதை மறுக்கமுடியாது. ஆனால் சூளைக்கும் சுத்தமான, காய்ந்த எரிபொருள் வேண்டும். ஈரம் இருந்தால் சூடு குறையும். பிவிசி பிளாஸ்டிக் கலந்தால் குளோரின் சேரும். குளோரின் சேர்ந்தால் டயாக்ஸின் கவலை எழும். நகரத்து வீடுகளில் சோம்பலாகக் கலந்ததன் விலையைச் சூளைப்பக்கத்து ஊர்கள் காற்றில் கொடுக்கவேண்டி வரலாம். புகைபோக்கி அளவீடுகளை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவைக்கச் சொல்வது பெரிய கோரிக்கை இல்லை.

கல்லெடுத்த குழிகளும் இங்கே இருக்கின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் விட்டுப்போன சுண்ணாம்பு அது. அதே கடலோர நிலத்தின் நினைவாகச் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் கிடக்கிறது. கல் தீர்ந்த குழியில் மழைநீர் நிற்கிறது. கொக்கு வருகிறது, சிலசமயம் ஆடு மேய்ப்பவர் தண்ணீர் காட்டுகிறார். நிலப்பதிவேட்டில் அது பயனற்ற இடம். சென்னைக்கு மேற்கே குத்தம்பாக்கத்தில் குப்பை ஆலைக்கு எடுக்க முனைந்த நிலமும் பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்குதான். ஊருக்கு மேய்ச்சலாக இருப்பது நகரத்துக்குக் காலி இடமாகத் தெரிகிறது.

கூட்டத்தில் கேட்க வேண்டியவை

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுக் குப்பை வளாகங்களுக்கு முன் அனுமதி வேண்டும். புதிதாக அமைப்பவற்றைப் போலவே விரிவாக்கங்களும் அந்த அறிவிக்கைக்குள் வருகின்றன. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் மேசையில் தடித்த அறிக்கை இருக்கும், குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டில் இருக்கும், பேச மூன்று நிமிடம் இருக்கும். "எங்களுக்கு வேண்டாம்" என்பது அந்த மூன்று நிமிடத்தில் எளிதாகக் குறிப்பேட்டில் அடங்கிவிடும். அடங்காத கேள்விகள் வேறு. உங்கள் நகரத்தில் எத்தனை விழுக்காடு வீடுகள் பிரித்துத் தருகின்றன? பிரித்ததை ஒரே லாரியில் மறுபடி கலக்காமல் இருக்க எத்தனை தனி வண்டிகள்? இந்தக் குழிக்கு வரும் ஒரு லாரியை எங்கள் கண்முன்னே கொட்டி, ஈரம் எவ்வளவு என்று எடை போட்டுக் காட்டுவீர்களா? ஈர லாரியைத் திருப்பி அனுப்பும் உரிமை எங்கள் பேரூராட்சிக்கு உண்டா?

இந்தக் கேள்விகளைக் கேட்பவர் தன் வீட்டில் பிரித்தவராக இருக்க வேண்டும். பேரூராட்சிகளில் 'வளம் மீட்புப் பூங்கா' என்று பலகை வைத்த இடங்கள் உண்டு. அங்கே தூய்மைப் பணியாளரின் தள்ளுவண்டியில் இரண்டு நிறக் கூடைகள் வந்து நிற்கும். ஈரக் குப்பைக்கான பச்சைக் கூடையில் பிளாஸ்டிக் பை நீட்டிக்கொண்டிருந்தால், கொழும்பையோ கோவையையோ நோக்கி நீட்டிய நம் விரல் தானாக மடங்கிவிடும்.

இதற்குப் புதிதாகப் பயிற்சி எடுக்கத் தேவையில்லை. சின்ன வெங்காயம் விளையும் ஊர்களில் பட்டறை போடத் தெரியாதவர் குறைவு. தரைக்கு மேல் உயர்த்தி, பக்கவாட்டில் காற்றுப் புகும்படி தட்டி கட்டி, மழைச்சாரல் படாமல் கூரை வேய்ந்து, காய்ந்த வெங்காயத்தை மட்டும் கொட்டி வைப்பார்கள். ஈரமாக ஒரு கூடை உள்ளே போய்விட்டால் நாலே நாளில் மூக்குக்குத் தெரிந்துவிடும். அப்போது பக்கத்தில் இன்னொரு பட்டறை கட்டுவோம் என்று யாரும் சொல்வதில்லை. உட்கார்ந்து அழுகலைப் பொறுக்குவார்கள்.